மழைக்குள் சிட்டுவைக் கூட்டிப்போன காலை

என் கணவரின் இடுப்பெலும்பை முறித்தது ஒரு குதிரை. என் மகளுக்குக் காறை எலும்பு உடைந்ததும் ஒரு குதிரை மேலிருந்து விழுந்துதான். அப்படிப்பட்ட வீட்டுக்காரி நான், கொட்டுகிற மழையில் ஒரு குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போய், அதன் மேல் என் மகளை ஏற்றிவிட்டேன். நம் அன்பியச் செபக்குழுவில் இதைக் கேள்விப்பட்ட பலர் "நீயா?" என்று கேட்டார்கள். நானேதான். ஆனால் என் பலத்தில் இல்லை. ஆண்டவர் செய்ததை வாய்க்குள்ளேயே வைத்திருக்கக்கூடாது என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. அதனால் சொல்ல வந்தேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆவூரில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். பெயர் அமலி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் சகாயம் பதினோரு வருஷம் கத்தாரில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் அவர் வேலை. வீடியோ காலில் எங்களோடு பேசும்போது அவர் தோளுக்குப் பின்னால் ஏதாவது ஒரு குதிரை தலையை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மகள் பிரின்சி, அப்பாவை எவ்வளவு பார்த்தாளோ அவ்வளவு அந்தக் குதிரைகளையும் பார்த்து வளர்ந்தாள். ஒவ்வொன்றின் பெயரும் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, ஏதோ சத்தத்துக்கு மிரண்ட குதிரை அவரை உதைத்துவிட்டது. அங்கேயே இரண்டு ஆபரேஷன். ஊருக்கு வீல்சேரில் வந்து இறங்கினார். பிறகு ஊன்றுகோல். இடது காலை முழுசாக ஊன்றி நிற்கமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வந்தபிறகு மனிதர் பேச்சை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஒரு தலையசைப்பு. பங்குத்தந்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அவருடைய அண்ணன்மார் வந்து பேசினார்கள். ஒரு வார்த்தையும் அவருக்குள் இறங்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அழுவேன். குதிரை என்ற சொல்லே எனக்கு ஆகாமல் போயிற்று. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை குதிரையில் வந்தால்கூட வீட்டுக்குள் போய்விடுவேன்.

நாலு மாதம் அப்படி ஓடியது. ஒருநாள் காலையில் கோகிலா என்றொரு பெண் எங்கள் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பொன்னமராவதிப் பக்கம், விவசாயக் குடும்பம். முப்பது வயதிருக்கும். காலேஜில் என்.சி.சி.யில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டவள், இலுப்பூர் ரோட்டில் நாலு குதிரைகளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். ஒரு பெண் தனியாக இதை நடத்துகிறாளே என்று அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்களாம். எனக்கு அன்றைக்குத்தான் அவளைத் தெரியும்.

"அண்ணன் வெளிநாட்டுல குதிரை பாத்தவங்கன்னு சொன்னாங்க. என் குதிரை ரெண்டு நாளா முன்னங்கால ஊண மாட்டேங்குது. டாக்டர் திருச்சியிலேர்ந்து வர நாளைக்காகும். கொஞ்சம் வந்து பாப்பாங்களாக்கா?" என்றாள்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எந்தக் காலும்மா? குளம்ப தொட்டா சூடா இருக்கா?"

நாலு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனார். குளம்புக்குள் சீழ் கட்டியிருந்ததாம். டாக்டரிடம் போனில் கேட்டுக்கேட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், "பசிக்குது அமலி" என்றார். இது ஆண்டவர் செய்த உபகாரம் என்று நான் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் குதிரையா என்றுதான் வயிறு எரிந்தது.

அந்தக் குதிரைதான் சிட்டு. செவலை நிறப் பெண்குதிரை. அவர் தினமும் அதைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிரின்சியும் கூடவே போனாள். முதலில் புல் போட்டாள். பிறகு பிடரி மயிரைச் சீவிவிட்டாள். ஒருநாள் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

நான் சண்டை போட்டேன். ஒருதடவை நேரிலேயே போய் இழுத்து வந்துவிடலாம் என்று போனேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட என் பிள்ளை, வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே கூச்சப்படுகிறவள், அவ்வளவு பெரிய உயிரை ஒரு விரலசைவில் திருப்பிக்கொண்டிருந்தாள். முதுகு வேல் மாதிரி நிமிர்ந்திருந்தது. பெற்றவளுக்கே தெரியாத ஒரு பிள்ளை அங்கே இருந்தாள். அப்படியும் வீட்டுக்கு வந்து செபமாலையை எடுத்துக்கொண்டு, "இந்த ஆசை அவளை விட்டுப் போகணும் மாதாவே" என்றுதான் கேட்டேன்.

அடுத்த வருஷம் ஆவணித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. பயிற்சி நடக்கும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வருகிற வழியில் தேங்கியிருந்த தண்ணீரில் சிட்டுவின் கால் வழுக்கியது. குதிரை சமாளித்து எழுந்துவிட்டது. பிரின்சி தோள் அடிபட விழுந்தாள். எலும்பு முறிவு. கையைக் கழுத்தோடு கட்டி ஆறு வாரம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான் என் கணவரிடம், "ஒங்க கால குடுத்தது பத்தலையா, பிள்ளையையும் குடுக்கணுமா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். என் வாய்தான் அவரை அங்கே திருப்பிப் படுக்க வைத்தது.

எலும்பு கூடிவிட்டது. பயம் கூடவே தங்கிவிட்டது. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும்போது தூறினால், பிரின்சி புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடையோரம் நின்றுவிடுவாள். நான் போய்க் கூட்டிவர வேண்டும். ஆனால் குதிரையை மட்டும் விடவில்லை. வெயில் நாளில் ஏறினாள். மேகம் கறுத்தால் விரல் விறைத்துப்போகும். அது கயிறு வழியாகத் தெரிந்து சிட்டுவும் அசையாமல் நின்றுவிடுமாம். நான் கேட்டது இதுதானே, ஆசை விட்டுப் போகட்டும் என்றுதானே கேட்டேன். இப்போது பிள்ளை நடுங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. என் செபம் எவ்வளவு கோணலாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்கிடையில் புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு மைதானத்தில் சின்னப்பிள்ளைகளுக்கான குதிரையேற்றப் போட்டி. புரட்டாசியில் நடக்கவேண்டியது தள்ளிப்போய் ஐப்பசிக்கு வந்துவிட்டது. பிரின்சி பெயர் கொடுத்திருந்தாள். அடைமழைக் காலம். அவள் தெளிவாகச் சொன்னாள்: "பெய்யலன்னா ஏறுவேன். பெஞ்சா ஏற மாட்டேன்."

கோகிலா கோபப்படவில்லை. "ஏறு, ஏறாதன்னு நான் சொல்ல மாட்டேன் பிரின்சி. கடைசி நிமிஷம் வேணாம்னு சொன்னாலும் ஒன் மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா மழைக்கும் சேத்தே தயாராயிக்குவோம்" என்றாள். அந்தப் பெண்ணின் பொறுமையைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் போட்ட ஒரே சத்தம் என் கணவரிடம்தான். "அண்ணே, நீங்க படுத்துக்கிட்டா சிட்டுவுக்கு யாரு தண்ணிய பழக்குறது?" என்று வீட்டு வாசலில் நின்று அதட்டிக் கூட்டிப்போனாள்.

அதன்பிறகு அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, டியூப் போட்டு மண்ணில் தண்ணீரைத் தேக்கி, சிட்டுவை அதற்குள் மெதுவாக நடக்கவைத்துப் பழக்கினார். பிரின்சி காய்ந்த தரையில் நின்று பார்த்தாள். தண்ணீர் கிடந்தால் திரும்பும்போது வளைவை அகலமாக எடுக்க வேண்டும், கீழே பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கோகிலா சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கடிவாளக் கயிறு நனைந்தால் கையில் வழுக்கும் என்றார்கள். நான் பருத்தி நாடாவை அதன்மேல் சுற்றி, பிடிக்கிற இடமெல்லாம் நெருக்கமாகத் தைத்துக்கொடுத்தேன். கண்ணாடி நழுவாமல் இருக்க எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். குதிரையின் பக்கத்தில் போக என்னால் முடியாது.

ஒன்பது நாள் நவநாள் செபம் வைத்தேன். போட்டி நாளன்று மட்டும் மழை வேண்டாம் என்று கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போட்டியே நின்றுபோனால் இன்னும் நல்லது என்றும் மனசின் ஓரத்தில் ஒரு செபம் ஓடிக்கொண்டிருந்தது.

போட்டியன்று விடியும்போதே மழை கொட்டியது.

மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றக்கூட எனக்கு மனசில்லை. "ஒம்பது நாள் கேட்டேனே, ஒரு நாள் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிரின்சி பூட்ஸை எடுத்துப் பையில் வைத்தாள். வேனில் கிளம்பினோம், கோகிலா குதிரைகளை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போயிருந்தாள்.

மைதானம் முழுக்கச் சேறு. போட்டியை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். இடி மின்னல் இல்லை, வெறும் மழைதான், மெதுவான ஓட்டமாக நடத்தலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். உயரத் தடைகளை எடுத்துவிட்டு, குதிரைகள் தாண்டுகிற கம்புகளை முழங்காலுக்கும் கீழே இறக்கிவைத்தார்கள். நாங்கள் ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். பிரின்சி மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நனைந்த குதிரை ஒரே இடத்தில் நின்றால் உடம்பு விறைத்துவிடும், நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் கணவர் சிட்டுவைப் பிடித்துக்கொண்டு கொட்டகையை விட்டு இறங்கினார். இரண்டாவது அடியிலேயே ஊன்றுகோல் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. அவரால் நகர முடியவில்லை. அதே நேரம் அங்கிட்டு ஒரு தார்ப்பாய் காற்றில் கிழிந்து படபடவென்று அடிக்க, கோகிலாவின் இன்னொரு குதிரை மிரண்டு துள்ளியது. அவள் ஓடிப்போய் அதைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு கையாலும் பிடித்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அமலிக்கா, சிட்டுவ நீங்க புடிங்க. வேற ஆளில்ல."

நான் போனேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கினேன். கை நடுங்கியது. நடுங்கியது என்றால் கயிறே ஆடியது. சிட்டு தலையைத் தூக்கி, காதைப் பின்னால் மடக்கியது. திரும்பிப் பார்த்தேன். பிரின்சி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நின்று கண்ணை மூடித்தான் செபித்தேன். நீளமாக இல்லை. "ஆண்டவரே, மழையை நிறுத்தச் சொல்லி இனிமேல் கேட்கமாட்டேன். இந்தக் கை நடுக்கத்தை மட்டும் எடுத்துவிடும். இது நடுங்கினால் அவள் ஏறமாட்டாள். மாதாவே, நீர் உம் பிள்ளைக்காகச் சிலுவையடியில் நின்றீரே, என்னையும் நிற்கவையும்."

வெளிச்சம் எதுவும் வரவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. அப்படிச் சொன்னால் பொய். கண்ணைத் திறந்தபோது கை நடுங்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் விரலில் வழிந்துகொண்டிருந்தது, விரல் அசையாமல் இருந்தது. இரண்டு வருஷமாக எனக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்றை யாரோ மெதுவாகப் பிரித்து எடுத்தது போல இருந்தது. சிட்டு மூக்கை என் மணிக்கட்டில் வைத்து ஊதியது. சுடச்சுட மூச்சு.

பின்னாலிருந்து என் கணவர் சொன்னார். "முன்னாடி நிக்காத அமலி. அதோட இடது தோளுக்குப் பக்கத்துல நில்லு. பேசிக்கிட்டே நட. என்ன வேணா பேசு."

குதிரையோடு என்ன பேசுவது? எனக்குத் தெரியவில்லை. 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சிட்டுவின் காது என் பக்கம் திரும்பியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். ஒரு குட்டை வந்தது. நான் முதலில் காலை வைத்தேன். கணுக்கால் வரைக்கும் தண்ணீர். சிட்டு குனிந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, கூடவே இறங்கிவிட்டது. திரும்பி வந்தோம். திரும்பவும் இறங்கினோம். பத்து அருள் நிறைந்த மரியே முடிவதற்குள் அந்தக் குட்டையை நாலு தடவை தாண்டிவிட்டோம்.

"அம்மா, அதுக்கு செபம் சொல்லிக் குடுக்கிறியா?"

பிரின்சி கொட்டகை விளிம்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையை மழையில் நீட்டினாள். அப்புறம் தலையை. அப்புறம் இறங்கி நடந்தே வந்துவிட்டாள்.

"நீ ஏன்மா புடிச்ச? ஒனக்குத்தான் குதிரைன்னாலே பயமாச்சே."

"இப்பவும் பயந்தான்."

அவள் கண்ணாடியில் மழை வழிந்தது. முந்தானையில் காய்ந்த இடம் தேடித் துடைத்துவிட்டேன்.

"எனக்கும் இருக்கு. ஏறட்டுமா?"

"ஒன் இஷ்டம். வேணாம்னா இப்படியே வீட்டுக்குப் போவோம்."

"ஏறுறேன்" என்றாள்.

நான்தான் அவள் காலைத் தூக்கி ஏற்றிவிட்டேன். நான்தான் நுழைவு வாசல் வரைக்கும் நடத்திப்போனேன். அங்கே கயிற்றை விட்டுவிட வேண்டும். விட்டேன்.

முதல் மூன்று கம்புகளைச் சிட்டு சுலபமாகத் தாண்டியது. பிரின்சி வளைவை அகலமாக எடுத்தாள். நான் தைத்த நாடா கையில் இறுக்கமாக நின்றது. நாலாவது கம்புக்கு முன்னால் செம்மண் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சிட்டு சட்டென்று நின்றுவிட்டது. பிரின்சி முன்னால் சரிந்து கழுத்தைப் பிடித்தாள். ஆவணியில் நடந்தது அப்படியே என் கண்ணில் வந்து நின்றது.

அவள் அடிக்கவில்லை. குதிகாலால் இடிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சிட்டுவின் கழுத்தை மெதுவாகத் தட்டினாள். அது குனிந்து தண்ணீரைப் பார்க்கட்டும் என்று கயிற்றைத் தளர்த்தினாள். அது பார்த்து முடிக்கும்வரைக்கும் காத்திருந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு திருப்பி, ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்ப வந்தாள். அவள் முகம் கம்புக்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்தைப் பார்த்தது. சிட்டு தண்ணீருக்குள் இறங்கி, செம்மண் தெறிக்கத் தாண்டியது. மீதி இரண்டு கம்பையும் தாண்டி வெளியே வந்தபோது அவளுக்குத் தலை முதல் கால் வரை சிவப்புச் சேறு. அதற்குள் பல் மட்டும் தெரிந்தது.

ஒன்பது பிள்ளைகளில் அவள் ஐந்தாவது. குதிரை நின்றதற்கு மதிப்பெண் போயிற்று. கோப்பை இல்லை. முதலில் வந்த திருச்சிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க திரும்புனீங்கல்ல, அது எப்படிக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவராக வந்திருந்த அம்மா எங்களைத் தேடி வந்து, "குதிரைக்கு நேரம் குடுத்தா பாருங்க, அது பெரியவங்களுக்கே வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் எப்போது கொட்டகையை விட்டு வந்தார் என்று தெரியாது. வேலியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆஸ்பத்திரியில நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"எத?" என்றார்.

அவர் மறக்கவில்லை. எனக்காக மறந்த மாதிரிக் கேட்டார். அப்படிப்பட்ட மனிதரை எனக்குக் கொடுத்ததற்கும் அன்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இப்போது அவர் கோகிலாவோடு தினமும் வேலை பார்க்கிறார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. பிரின்சி மழையில் குடையைக் கையிலேயே மடக்கி வைத்துக்கொண்டு நனைந்து வருகிறாள், திட்டுகிறேன். சனிக்கிழமை காலையில் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு நானும் லாயத்துக்குப் போகிறேன். பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சிட்டு திடீரென்று காலைத் தூக்கினால் நெஞ்சு ஒருதரம் துள்ளும். பக்கத்திலேயே நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன், அடங்கிவிடும். கோகிலா விபூதி வைத்துக்கொண்டு குதிரைகளுக்குச் சூடம் காட்டுகிறவள். அவளே இப்போது மேகம் கறுத்தால், "அக்கா, ஒங்க செபத்த ஆரம்பிங்க" என்கிறாள்.

இதைக் கேட்கிற உங்களிடம் ஒன்று சொல்ல ஆசை. நான் பெரிசாகக் கேட்டேன். வானத்தையே மாற்றித்தரச் சொன்னேன். கிடைக்காதபோது மாதாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன். ஆண்டவரும் மாதாவும் என்மேல் கோபப்படவில்லை. சேற்றில் நின்று ஒரு சின்ன விஷயம் கேட்டபோது, ஒரு மூச்சு நேரத்தில் கொடுத்தார்கள். நீங்கள் பல நாள் கேட்டும் கிடைக்காத ஒன்று இருக்கலாம். கேட்பதை விட்டுவிடாதீர்கள். அடுத்த அடி எடுத்துவைக்க என்ன வேண்டுமோ அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்தே, நனைந்துகொண்டே கேளுங்கள். ஆண்டவர் அங்கேயும் வருவார்.